மூன்று வருடம் தோற்கலாம்

சுபஹு தொழுதுவிட்டு வந்து கைபேசியில் அமெரிக்கக் கூடைப்பந்து பார்ப்பது எனக்கும் மச்சானுக்கும் ஒரு காலத்தில் பழக்கம். மச்சான் என் தங்கையின் கணவன். கல்முனையில் எங்கள் கழக அணியில் என்னோடு ஆடியவன். அங்கே இரவு ஆட்டம், இங்கே விடியற்காலை. தேநீர்க்கடையில் பிளேன்டீயை ஆறவிட்டு, நாங்கள் ஒருநாளும் காணப்போகாத ஒரு நகரத்தின் அணியை எப்படித் தூக்கி நிறுத்துவது என்று சண்டை பிடிப்போம். உருப்படாத அணி. அதனால்தான் எங்களுக்குப் பிடித்திருந்தது.

முதலில் அவர்கள் பெயர்பெற்ற ஆட்டக்காரர்களை விலைக்கு வாங்கிப் பார்த்தார்கள். சரிவரவில்லை. பிறகு அவர்களையெல்லாம் அனுப்பிவிட்டுத் தெரிந்தே தோற்கத் தொடங்கினார்கள். அங்கே சட்டம் அப்படி: அடியில் கிடக்கும் அணிக்குத்தான் புதிதாக வரும் இளைஞர்களில் நல்லவனை முந்தித் தெரிவுசெய்ய வாய்ப்பு அதிகம். தோல்விக்குக் கூலி கொடுக்கும் நாடு, கொடுத்து வைத்தவர்கள்.

எங்கள் கழகமும் அப்போது அடியில்தான் கிடந்தது. சுற்றுப்போட்டிக்கு வெளியூர் ஆட்களை இறக்குவோம் என்றான் மச்சான். இறக்கினோம். கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்தார்கள், வயிறு நிறையச் சாப்பிட்டார்கள், இரண்டு ஆட்டம் வென்று மூன்றாவதில் தோற்றுவிட்டுப் போனார்கள். அடுத்த போட்டியில் அவர்களே வேறொரு கழகத்துக்காக எங்களுக்கு எதிராக நின்றார்கள்.

"மூணு வருஷம் தோப்பம். எங்கட பொடியன்மாரையே பழக்குவம்" என்றேன்.

"அமெரிக்காவுல தோத்தா ஆள் வரும் மச்சான். இங்க தோத்தா இரிக்கிற ஆளும் போயிரும்" என்றான் அவன்.

நான் கேட்கவில்லை. பள்ளிக்கூடம் விட்ட இளைஞர்களைச் சேர்த்து, மாலையில் அசர் தொழுத கையோடு பயிற்சி கொடுத்தேன். வெள்ளாமை வெட்டும் காலத்தில் நாங்கள் ஆடும் சீமெந்துத் தளத்தில் நெல் காயும். அதை அள்ளி முடியும்வரை காத்திருந்து, சுணை அரிக்க அரிக்க ஆடினோம். முதல் வருடம் சந்தி சிரித்தது. மூன்றாம் வருடம் நான்கே புள்ளியில் தோற்றபோது, வென்றவர்களைவிட நான்தான் அதிகம் சந்தோஷப்பட்டேன். பைத்தியக்காரன்.

அதற்குள் மச்சான் கத்தாருக்குப் போயிருந்தான். போன இடத்தில் சும்மா இருக்கவில்லை. என் பொடியன்மாருக்கு ஒவ்வொருவராக விசா எடுத்து அனுப்பினான். அவர்கள் வீட்டில் அதற்குப் பிறகுதான் ஒழுங்காக அடுப்பெரிந்தது. நான் யாரைத் திட்டுவது?

நான் காத்திருந்த நாலாம் வருடமும் வந்தது. முதல் ஆட்டத்துக்கு என்னோடு சேர்த்து நாலு பேர். ஐந்து பேர் இல்லாமல் தொடங்க முடியாது. நடுவர் மணிக்கூட்டைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. பந்தைத் தொடாமலே இருபதுக்குப் பூச்சியம், எங்களுக்குத் தோல்வி என்று எழுதினார்கள். அன்று வீட்டுக்குப் போகவே கால் வரவில்லை. எல்லாம் முடிந்துவிட்டது என்று அப்போதே எனக்குத் தெரியும்.

போன மாதம் மச்சான் அழைத்தான்.

"வெள்ளிக்கிழமைகள்ல இங்க ஆடுறம். எல்லாம் எங்கட பொடியன்மார்தான். கப்பும் அடிச்சிட்டம். எல்லாம் நீ பழக்கின பழக்கம் மச்சான்."

"மாஷா அல்லாஹ்" என்றேன். மனம் அதைச் சொல்லவில்லை. நான் கட்டிய அணி வென்றுவிட்டது; நான் அங்கே இல்லை.

"கழகத்துட ஜேர்சியெல்லாம் ஒன்ட ஊட்டுலதானே இரிக்கி? சாய்ந்தமருதுல இருந்து ஒரு ஆள் இங்க வாறார். அவருக்கிட்ட குடுத்துடு."

"எத்தின வேணும்?"

"இரிக்கிற எல்லாம்."

கழுவிக் காயவைத்து மடித்தேன். என்னுடையதை மட்டும் எடுத்து அலுமாரியில் வைத்தேன். பார்சலை வாங்க அந்த ஆள் வாசலில் நின்றபோது மச்சானின் செய்தி வந்தது: புதிதாக ஒருவன் சேர்ந்திருக்கிறான், உன் அளவுதான், உன்னுடையதையும் போட்டு அனுப்பு.

அலுமாரியைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன்.