நாற்பத்தேழாம் பக்கத்துச் சீட்டு

செவ்வாய்க்கிழமை அந்தோணியார் நவநாள் ஜெபத்துக்கு வரும் அன்பர்களே, இதை எழுதிக் கொடுக்கும்படி நம் பங்குத்தந்தை இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும், "இன்னும் கோபம் போகல ஃபாதர்" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். மூன்றாம் முறை, "கோபத்தோடயே எழுதும்மா. அது போறதுக்குள்ள எனக்கு மாத்தல் வந்துடும்" என்றார். அதனால் எழுதுகிறேன். ஒருவரின் பெயரை மட்டும் எழுதமாட்டேன். தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

2006-ஆம் ஆண்டு தவக்காலத்தில் என் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் அறுநூறு புத்தகங்கள் கிடந்தன. எல்லாம் ஒரே புத்தகம். எழுதியது நான், வெளியிட்டதும் நான். செராமிக் டிப்ளமோ முடித்துவிட்டு, தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் ஆய்வகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பொம்மை, அகல் விளக்கு, ஃபியூஸ் கட்டை செய்கிற சிறு பட்டறைக்காரர்கள் ஆய்வகத்துக்கு வந்து கேட்ட சந்தேகங்களை ஒரு நோட்டில் எண் போட்டு எழுதி வைத்திருந்தேன். நூற்றுப் பன்னிரண்டு கேள்விகள் சேர்ந்தன. அவற்றுக்குத் தமிழில் பதில் சொல்லும் புத்தகம் எதுவும் என் கண்ணில் படவில்லை. நானே எழுதினேன். பதிப்பகம் என்று என்னிடம் இருந்தவை மூன்று: ஒரு ரப்பர் ஸ்டாம்பு, ஒரு பீரோ, ஒரு துணிச்சல்.

எழுதுவது கடினம் என்று நினைத்திருந்தேன். விற்பதுதான் கடினம். கடைக்காரர்கள், "இது யாரு வாங்குவா?" என்றார்கள். சிலர் ஐந்து பிரதிகளை வாங்கி, கோலப் புத்தகத்துக்கும் ராசிபலனுக்கும் பின்னால் செருகி, மூன்று மாதம் கழித்துத் தூசியோடு திருப்பிக் கொடுத்தார்கள். இளம்பெண் பையைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக நிற்பது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

அப்போதுதான் அண்ணன் உதவிக்கு வந்தார். அண்ணன் என்றால் உடன்பிறந்தவர் அல்லர். என் தம்பியின் ஞானத்தகப்பன், ஞானஸ்நானத்தின்போது அவனைக் கையில் ஏந்தியவர். பள்ளி நோட்டும் காலண்டரும் கடைகளுக்குப் போடுகிறவர். வேப்பூர், பெண்ணாடம், மங்களூர் என்று சுற்றுவட்டாரத்து எல்லா ஊர்க் கடைக்காரரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். "நீ எழுதும்மா, விக்கிறத எங்கிட்ட வுடு" என்றார். அன்று அம்மா அவருக்குக் கேசரி செய்து போட்டார்.

இந்த இடத்தில் என் தவறு ஒன்றையும் சொல்லவேண்டும். புத்தகத்தின் நாற்பத்தேழாம் பக்கத்தில், இன்னும் சுடாத பச்சைப் பொருளைச் சூளையில் அடுக்கியபின் ஈரம் போவதற்கு இரண்டு மணி நேரம் சிறுதீ போதும் என்று எழுதியிருந்தேன். அது கல்லூரி ஆய்வகத்தின் சின்ன மின்சாரச் சூளைக்கான கணக்கு. விறகுச் சூளைக்கு ஆறு மணி நேரமாவது வேண்டும். அச்சாகி வந்தபின் எங்கள் கம்பெனியில் சூளை அடுக்குகிற பெண் ஒருத்தி அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, "ரெண்டு மணி நேரமா? தீவாளிக்கு வெடி வாங்க வேணாம்மா, சூளையே வெடிக்கும்" என்று சிரித்தாள். மறுபடி அச்சடிக்க வழியில்லை. "ஆறு மணி நேரம் எனத் திருத்திக்கொள்ளவும்" என்று விரல் நீளத்துக்குச் சீட்டு அச்சடித்து, கீழே சந்தேகம் கேட்க என் பெயரையும் விலாசத்தையும் போட்டு, அம்மாவும் தம்பியும் நானும் மைதா பசை காய்ச்சி ஆயிரம் பிரதிகளிலும் ஒட்டினோம். அச்சகத்துக்குக் கொடுத்த சி.டி.யில் இருந்த பக்கத்தை மட்டும், அடுத்த பதிப்பின்போது திருத்திக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அந்த சி.டி.யைத்தான் அண்ணன் கேட்டார். "ரெண்டாம் பதிப்புக்கு வெளியூர் பிரஸ்ல ரேட்டு கேட்டு வரேன்." கொடுத்தேன்.

அதன் பிறகு விற்பனை அப்படியே நின்றுபோனது. கடைகளிலிருந்து கட்டுகள் திரும்பி வர ஆரம்பித்தன. கேட்டால், "சீசன் இல்லம்மா" என்பார். புத்தகத்துக்கு என்ன சீசன் என்று எனக்குப் புரியவில்லை. ஒரு சனிக்கிழமை நானே பெண்ணாடத்துக்குப் பஸ் ஏறினேன். கடைவீதியில் ஒரு கடையின் முன்வரிசையில் மஞ்சள் அட்டையில் ஒரு புத்தகம் தொங்கியது. சூளைப் படம் போட்டிருந்தது. பிரித்தேன். என் வாக்கியம். அடுத்த பக்கம், என் வாக்கியம். நான் கையால் வரைந்த படங்கள், நான் எண் போட்ட கேள்விகள். உள் அட்டையில் தொகுப்பாசிரியர் என்று அண்ணனின் பெயர்.

கடைக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, "ஏம்மா, ஒனக்குக் கல்யாணம் முடிவாயி பதிப்பகத்த மூடிட்டன்னு சொன்னாரே! பத்திரிக எங்க?" என்று கேட்டார்.

புத்தகத்தை எடுத்ததைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பேன். என் வாழ்க்கையையே ஒரு பொய்யாக்கி ஊர் ஊராகச் சொல்லி வைத்திருந்தார். ஒவ்வொரு கடையிலிருந்தும் என்னை, கல்யாணம் என்ற நல்ல வார்த்தை சொல்லியே வெளியே அனுப்பிவைத்திருந்தார்.

ஞாயிறு திருப்பலி முடிந்ததும் சைக்கிள் நிறுத்துமிடத்தில் அவரைக் கேட்டேன். முகம் மாறவே இல்லை.

"நீ காலேஜ்ல சொல்லிக் குடுத்ததத்தான எழுதுன? அறிவு என்ன ஒங்கப்பன் வூட்டுச் சொத்தா?"

"படம் நான் போட்டதுண்ணே."

"போட்டு? கட்டிலுக்கு அடியில வச்சி எலிக்குக் காட்டப்போறியா? நான் வித்துக் காட்டுறேன் பாரு."

பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் நம் பங்கு மக்கள்தான். "தவக்காலம்மா, மன்னிச்சிடு" என்றார் ஒருவர். "பொம்பளப் புள்ள, வம்பு எதுக்கு?" என்றார் இன்னொருவர். அவரிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்த வாரம் சிலுவைப்பாதையில் வாசகம் வாசித்தவர் அவர்தான். காட்டிக்கொடுத்த யூதாசின் பெயர் வந்த இடத்தில் அவர் குரல் தடுமாறுகிறதா என்று உற்றுக் கேட்டேன். தடுமாறவில்லை.

வக்கீல் ஒருவரிடம் போனேன். வழக்குப் போடலாம், ஆண்டுக்கணக்கில் ஆகும் என்றார். வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தேன். கால் கீழே தொங்கவிட்டால் புத்தகக் கட்டுதான் இடித்தது. அம்மா, "அந்த ஆளுக்கா கேசரி கிண்டிப் போட்டேன்" என்று மட்டும் சொல்லிச் சொல்லி அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. பழைய தாளுக்குப் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அந்தோணியார் பீடத்தின் மன்றாட்டுப் பெட்டியில் ஒரு சீட்டு போட்டேன். எதையும் எண் போட்டே எழுதிப் பழகியவள். இப்படி எழுதியிருந்தேன்: ஒன்று, அவர் செய்தது ஊருக்குத் தெரியவேண்டும். இரண்டு, இது என் புத்தகம் என்று யாராவது ஒருவர் தாமாகச் சொல்லவேண்டும். மூன்று, கட்டிலுக்கு அடியில் இருப்பவை உரியவர் கைக்குப் போகவேண்டும். முதல் வேண்டுதலின் கீழே இரண்டு கோடு போட்டேன்.

அன்று வீட்டுக்கு வந்து, பெண்ணாடத்தில் வாங்கியிருந்த மஞ்சள் புத்தகத்தை என் புத்தகத்தோடு பக்கம் பக்கமாக ஒப்பிட்டேன். நாற்பத்தேழில் நின்றேன். அதில் "இரண்டு மணி நேரம்" என்றே இருந்தது. சி.டி.யில் இருந்தபடியே அச்சடித்திருந்தார்கள். எட்டு மாதம் என் புத்தகத்தைச் சுமந்து விற்றவர், ஒருநாளும் அதைத் திறந்து பார்த்ததில்லை. பார்த்திருந்தால் சீட்டு கண்ணில் பட்டிருக்கும்.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் சிரித்தேன். முதல் வேண்டுதலுக்குப் பதில் வந்துவிட்டது என்று நினைத்தேன். யாராவது ஒருவர் அந்தப் புத்தகத்தை நம்பிச் சூளை வைத்தால் போதும். ஊரே அவரைக் கேட்கும். நான் எதுவும் செய்ய வேண்டாம், பேசாமல் இருந்தால் போதும். அந்தோணியாருக்கு ஒரு மெழுகுவத்தியும் ஏற்றினேன்.

மூன்று நாள் பேசாமல் இருந்தேன்.

நான்காம் நாள் செல்வராணி அக்கா ஆய்வகத்துக்கு வந்தார். வேப்பூர்ப் பக்கத்து ஊர்க்காரர். அவரும் இன்னும் பதினொரு பெண்களுமாகக் குழு சேர்ந்து அகல் விளக்கும் பொம்மையும் செய்கிறவர்கள். ஒருமுறை அவர்களுக்கு நான் பயிற்சி நடத்தியிருந்தேன். மஞ்சள் புத்தகத்தை மேசைமேல் வைத்தார். உள்ளே ஒரு தென்னங்குச்சி அடையாளமாகச் செருகியிருந்தது.

"யாரு பேரோ போட்டிருக்கு. ஆனா இது ஒங்க புக்குதான? இந்தப் படம் நீங்க அன்னிக்கு சார்ட்டுல போட்டதாச்சே. கதவு கோணலாப் போட்டு நாங்க சிரிச்சமே!"

கேட்டதும் என் சீட்டுதான் நினைவுக்கு வந்தது. இரண்டாம் வேண்டுதல். எழுதி ஒரு வாரம்கூட ஆகவில்லை. பெட்டிக்குள் போட்ட சீட்டைப் படித்துவிட்டு வந்தவர்போல் அந்த அம்மா நின்றார். அவருக்கு அந்தோணியாரும் தெரியாது, என் சீட்டும் தெரியாது.

"ஆமாங்கக்கா. என்னுதுதான்."

"அதான பாத்தேன். ஒங்க புக்குன்னுதான் நம்பி அடுக்கியிருக்கோம். நாளக்கிக் காலையில பத்த வைக்கிறோம். சுட்டப்பறம் மேல பூசுற கிளேஸ் எவ்ளோ கெட்டியா கலக்கணும்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

தென்னங்குச்சி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்த்தேன். நாற்பத்தேழு.

கிளேஸ் பற்றி மட்டும் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஒரு கணம் அந்த எண்ணமும் வந்தது, மறைக்கவில்லை. பன்னிரண்டு பெண்களின் ஒன்றரை மாத வேலை அந்தச் சூளைக்குள் இருந்தது. என் மேசை இழுப்பறையில் மீந்த சீட்டுகள் கிடந்தன. ஒன்றை எடுத்து அவர் புத்தகத்தில் ஒட்டினேன்.

"ஆறு மணி நேரங்கக்கா. அதுவும் சின்னத் தீயா. ரெண்டு மணி நேரத்துல தீய ஏத்துனா உள்ள இருக்கிறது பூரா வெடிச்சிடும்."

அக்கா சீட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இந்தப் புக்குல தப்பு இருக்குன்னு ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

"மூணு நாளா."

"மூணு நாளா?"

அவ்வளவுதான் கேட்டார். திட்டவில்லை. புத்தகத்தை மூடிப் பையில் வைத்தார். "சரி, போயிட்டு வரேன்" என்று எழுந்து போனார். அன்பர்களே, என்னை ஏமாற்றியவரின் முகத்தை நான் எப்படிப் பார்த்தேனோ, அப்படித்தான் அந்த அம்மா போகும்போது என்னைப் பார்த்துவிட்டுப் போனார்.

அன்று மாலை கோயிலில் எனக்கு ஜெபம் வரவில்லை. "நான் என்ன செய்யட்டும்?" என்று மட்டும் கேட்டேன். பதில் காதில் விழவில்லை. ஆனால் என்ன செய்யவேண்டும் என்பதில் சந்தேகமும் இல்லை. லீவு எழுதிக் கொடுத்தேன். சீட்டுகளையும் பசை டப்பாவையும் பையில் போட்டுக்கொண்டு, மஞ்சள் புத்தகம் தொங்கும் கடைகளை விசாரித்துப் பட்டியல் எழுதினேன். பதினான்கு கடைகள்.

முதலில் பெண்ணாடம். கடைக்காரர் நான் சொன்னதைக் கேட்டு வாயைப் பிளந்தார். "திருடன் சட்டைக்குப் பட்டன் தச்சிக் குடுக்கிற ஆள இப்பதான்மா பாக்குறேன்."

"சட்ட யாரு போடப்போறாங்கன்னு பாருங்கண்ணே."

"அது சரி. ஒட்டு, ஒட்டு. கோணலா ஒட்டாத, விக்காது." அவரே ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டார்.

சில கடைகளில் திட்டினார்கள். ஓரிடத்தில் தொடவே விடவில்லை. அங்கே சீட்டுகளை மட்டும் வைத்துவிட்டு வந்தேன். நான்கு நாளில் பதினான்கையும் முடித்தேன். அவர் பெயர் போட்ட புத்தகத்தைக் கையில் எடுத்து, என் பக்கத்தைத் திறந்து, பசை தடவும் ஒவ்வொரு முறையும் நெஞ்சு எரிந்தது. புண்ணியம் செய்கிற மகிழ்ச்சி ஏதும் இல்லை.

ஐந்தாம் நாள் அண்ணன் வீட்டுவாசலில் வந்து நின்றார்.

"என் புக்குல கை வைக்க ஒனக்கு யாரு உரிம குடுத்தது?"

"அந்தப் பக்கத்துல இருந்தது என் தப்புண்ணே. அத எடுத்துக்கிட்டேன். மத்ததெல்லாம் ஒங்ககிட்டயே இருக்குது."

என் தம்பி உள்ளே இருந்தான். ஞானத்தகப்பன் வந்தால் ஓடிப்போய்க் கைகூப்பி ஆசி வாங்குகிறவன், அன்று எழுந்திருக்கவே இல்லை. அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஈஸ்டர் என்னும் உயிர்ப்புப் பெருவிழா முடிந்த வாரம் என் விலாசத்துக்கு முதல் கடிதம் வந்தது. பிறகு இன்னொன்று. சீட்டில் இருந்த பெயரைப் பார்த்து எழுதியிருந்தார்கள். சந்தேகம் கேட்டவர்கள், "ஒங்க ஒரிஜினல் புத்தகம் கிடைக்குமா?" என்றும் கேட்டார்கள். செல்வராணி அக்காவிடமிருந்து பெரிய சேதி வந்தது. அவர்கள் சூளையில் ஒன்றுகூட வெடிக்கவில்லை. அடுத்த முறை சூளை பிரிக்கும் நாளில் சுற்று ஊர்க் குழுக்களையும் வரச்சொல்லியிருக்கிறார், புத்தகம் எடுத்துக்கொண்டு நான் வரவேண்டுமாம். போனேன். சூடு ஆறாத சூளைக்குப் பக்கத்தில் நின்று பேசினேன். எழுபது பிரதிகள் போயின. "அந்த மூணு நாள நான் இன்னும் மறக்கல" என்றார் அக்கா, பிரதிகளைக் கட்டவிழ்த்துக்கொண்டே. "நானும் மறக்கலக்கா" என்றேன்.

அன்றுமுதல் நான் கடைகளை நம்பி விற்பதில்லை. எந்த ஊரில் சூளை பிரிக்கிறார்களோ அங்கே போகிறேன். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக்காலம் தொடங்குமுன் கட்டிலுக்கு அடி காலியாகிவிட்டது. இந்த இரண்டு ஆண்டுகளில் இன்னும் இரண்டு புத்தகங்கள் வெளியிட்டிருக்கிறேன். அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொன்றையும் சூளை வைக்கிறவர் ஒருவரிடம் படித்துக் காட்டுகிறேன். சி.டி. யாருக்கும் கொடுப்பதில்லை.

அண்ணன் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. மஞ்சள் புத்தகம் சில கடைகளில் இன்னும் தொங்குகிறது, என் சீட்டோடு. திருப்பலியில் ஒருவருக்கொருவர் சமாதான வாழ்த்துச் சொல்லும் நேரத்தில் அவர் பக்கம் திரும்பிக் கைகூப்பிவிடுகிறேன். முகத்தைப் பார்க்க இன்னும் முடியவில்லை. அதையும் மறைக்காமல் அந்தோணியாரிடம் சொல்லிவருகிறேன்.

மூன்று வேண்டுதல்களில் இரண்டு கேட்கப்பட்டன. இரண்டு கோடு போட்டிருந்த முதல் வேண்டுதலை நானே திரும்ப வாங்கிக்கொண்டேன். அது கேட்கப்பட்டிருந்தால், பன்னிரண்டு பெண்களின் சூளை வெடித்து அல்லவா கேட்கப்பட்டிருக்கும்? கேட்காமல் விட்டதற்காகவும் ஆண்டவருக்கு நன்றி.

கூடவே ஜெபிக்கிறவர்களால் ஏமாற்றப்பட்ட யாராவது இதைப் படித்தால், வரும் செவ்வாய்க்கிழமை வாருங்கள். கோபம் தீரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இருக்கிறதை இருக்கிறபடி ஒரு சீட்டில் எழுதிப் போடுங்கள். ஆண்டவர் படிப்பார். பெண்கள் பக்கம், தூணுக்கு அருகில் உட்கார்ந்திருப்பேன். பேனா என்னிடம் இருக்கும்.