மைசூரில் ஒரு தூக்கம்

சனிக்கிழமை மைசூர் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் டெய்லர். ஐம்பது வயதிருக்கும். மடியில் ஒரு தலையணை. அரண்மனை, மிருகக்காட்சி சாலை, மலைக்கோயில் என்று நான் போட்டிருந்த திட்டத்தைப் பொறுமையாகக் கேட்டார்.

“நீங்க எங்கெங்க போறீங்க?” என்றேன்.

“லாட்ஜுக்குங்க. தூங்கோணும்.”

“அவ்வளவுதானா?”

“ஆமாங்க. ஊட்டுல கண்ணை மூடுனா யாராச்சும் எழுப்பிப்போடறாங்க. அதான் அப்பப்ப வந்துருவேனுங்க.”

மறுநாள் திரும்பும் பஸ்ஸிலும் அவர் இருந்தார். முகம் தெளிந்திருந்தது. அரண்மனை வரிசையிலேயே என் பகல் போய்விட்டதைச் சொன்னேன்.

“கண்ணை மூடுங்க. ஊர் வந்தா எழுப்பறனுங்க.”

நான் விழித்தபோது திருப்பூரில் பஸ் காலியாக நின்றது. இறங்கச் சொல்லிக் கத்திய கண்டக்டரை அவர் அதட்டிக்கொண்டிருந்தார்.

“மெதுவாப் பேசுங்க. அவரு இப்பத்தான் நல்லாத் தூங்கறாரு.”