காதுக்குப் பஞ்சு

ஏற்காட்டில் எனக்குப் பெரிய தொந்தரவாக இருந்தது குளிர் அல்ல, சாயங்காலம். நாகலூர்ப் பக்கம் ஒரு வெள்ளைக்காரத் துரையின் காபித் தோட்டத்தில் பல்பர் மெஷின் பூட்டிக் கொடுக்கக் கோயமுத்தூர்ப் பட்டறையிலிருந்து பிட்டரான என்னை அனுப்பியிருந்தார்கள். காபிப் பழத்தின் தோலை உரிக்கிற மெஷின் அது. ஐந்து மணி ஆனால் மூடுபனி ஷெட்டுக்குள்ளேயே வந்துவிடும். விளக்கு வைத்துக்கொண்டு வேலை பார்க்கலாம்தான், ஆனால் மண்ணெண்ணெய் செலவாகும் என்று துரைக்குக் கவலை. ஸ்பேனரைத் துடைத்து வைத்துவிட்டால் அப்புறம் படுக்கிற வரைக்கும் எனக்கு ஒரு ஜோலியும் கிடையாது.

முதல் இரண்டு நாளும் தோட்டத்து வண்டியில் தொற்றிக்கொண்டு டவுனுக்குப் போனேன். ஏரியில் துரைமார்களும் துரைசானிகளும் படகு விட்டுக்கொண்டிருந்தார்கள். கிளப்பில் விளக்கு எரிந்தது. எதிரே ஒரு மரத்தடியில் நின்று வேடிக்கை பார்த்தேன். வாசல் காவல்காரன் என்னை வேடிக்கை பார்க்க ஆரம்பித்தான். அதோடு அந்தப் பொழுதுபோக்கு முடிந்தது. மூன்றாம் நாள் அறையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது காபிக்கொட்டை காயப்போடுகிற களத்திலிருந்து மத்தளச் சத்தம் கேட்டது.

தோட்டத்து மாரியம்மனுக்கு நோம்பி வருகிறது, அதற்குக் கூத்துக் கட்டப்போகிறார்கள், ஒத்திகை நடக்கிறது என்றார்கள். நாள் முழுக்க மண்வெட்டி பிடித்த ஆட்கள் ராஜாவாகவும் ராணியாகவும் நின்றுகொண்டிருந்தார்கள். கட்டியங்காரன் வேஷக்காரனுக்கு மட்டும் குளிர்காய்ச்சல். ராஜா வருகிற வரைக்கும் கோமாளித்தனம் பண்ணி ஜனங்களைச் சிரிக்க வைக்க ஆள் இல்லை. கூத்து வாத்தியார் பகலில் செடிகளுக்குக் கவாத்து வெட்டுகிறவர். அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். சும்மா உட்கார்ந்திருந்தவன் நான் ஒருத்தன்தான்.

"ஏனுங்க பிட்டரு, ராஜா வர்ற வரைக்கும் நாலு வார்த்த பேசி ஒப்பேத்துங்க. என்ன வேணும்னாலும் பேசலாமுங்க, கட்டியங்காரனுக்குக் கேள்வி மொறை கெடையாது" என்றார்.

என்னைத் தெரிந்தவர்கள் இதைக் கேட்டால் நம்ப மாட்டார்கள். பட்டறையில் எனக்கு உம்மணாமூஞ்சி என்றே பெயர். வீட்டில் நான் வாயைத் திறப்பது சாப்பிடவும் கொட்டாவி விடவும்தான். கல்யாணமாகி ஆறு வருஷம். மனைவி ஏதாவது கேட்டால் 'ம்' என்பேன். இரண்டாம் தடவை கேட்டால் முறைப்பேன். ஆம்பளை என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நானாக முடிவு செய்துகொண்டிருந்தேன். எங்கே கற்றுக்கொண்டேனோ தெரியாது.

களத்தில் போய் நின்றேன். நாக்கில் ஒன்றும் வரவில்லை. கழுத்தில் கிடந்த மப்ளரில் கை பட்டது. அவள் சந்தையில் பேரம் பேசி வாங்கிக் கொடுத்தது. அதை எடுத்து முந்தானை மாதிரி தலையில் போட்டுக்கொண்டேன். ரயில் ஏற்றிவிட வந்தபோது அவள் பேசிய பேச்சு அப்படியே அவள் குரலில் வந்தது.

"ஏனுங்க, காதுல பஞ்சு வெச்சுக்குங்க. குளிரு காது வழியாத்தானுங்க உள்ள போகும். சுக்குப்பொடி மஞ்சப் பையில இருக்குது. திருநூறு அதுக்கடியில இருக்குது. மாத்தி வாயில போட்டுக்காதீங்க. கம்பளியத் தலைக்கும் போத்துங்க, காலுக்கும் போத்துங்க. ரெண்டுக்கும் பத்தலீன்னா முட்டிய மடக்கிக்குங்க!"

களமே சிரித்தது. பெண்கள் ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்து சிரித்தார்கள். ராஜா வேஷக்காரன் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பி நின்றான். என் பேச்சுக்கு ஜனம் சிரிப்பது என் ஆயுசில் அதுதான் முதல் தடவை. உடம்பெல்லாம் சூடாகிவிட்டது, குளிரே தெரியவில்லை. அறைக்குத் திரும்பிக் கம்பளியைத் தலைக்கு இழுத்தபோதுதான் உறுத்தியது. அந்தப் பேச்சுக்கு அன்றைக்கு ரயிலடியில் நான் சொன்ன பதில் 'ம்'.

உறுத்தியதே தவிர நான் நிறுத்தவில்லை. மறுநாள் ரசப்பொடியைச் சேர்த்தேன். அதற்கு மறுநாள் குலதெய்வத்துக்கு அவள் முடிந்து வைத்த காணிக்கையையும் இழுத்துவிட்டேன். எதிரில் தோட்டத்துப் பெண்கள் "பிட்டரு சம்சாரம் வந்துருச்சு" என்று சொல்லிச் சிரிப்பார்கள். பகல் முழுக்கப் போல்ட்டை முடுக்கிக்கொண்டே சாயங்காலத்துக்கு என்ன பேசலாம் என்று யோசித்தேன். என் வீட்டுக்காரியை அந்த ஆறு வருஷத்தில் நான் அவ்வளவு நேரம் நினைத்தது அந்த மலையில்தான். அதுவும் கேலி செய்வதற்காக.

காய்ச்சல்காரன் இன்னும் எழுந்தபாடில்லை. மெஷின் வேலையோ முடிந்துபோயிற்று. பல்சக்கரத்தை இன்னொரு தரம் கழற்றிப் பார்க்க வேண்டும் என்று தோட்டத்துக் கணக்கு ரைட்டரிடம் சொல்லிவிட்டு நோம்பி வரைக்கும் தங்கப் பார்த்தேன். வீட்டுக்கு என்ன சொல்வது? ஒரு கார்டு போட்டேன். வேலை இழுக்கிறது, குளிர் எலும்பைக் குத்துகிறது, காது அடைத்துக்கொண்டது, ஒரு வாய் சோறு இறங்கவில்லை என்று எழுதினேன். கொஞ்சம் நன்றாகவே எழுதிவிட்டேன் என்று நினைக்கிறேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது, அவள் அண்ணன் படித்துக் காட்டுவான். எப்படிப் படித்துக் காட்டினானோ!

கார்டு போட்ட நான்காம் நாள் சாயங்காலம் களத்தில் லாந்தர் ஏற்றியாகிவிட்டது. மப்ளரைத் தலையில் போட்டுக்கொண்டு நான் உச்சத்தில் இருந்தேன். அந்தக் கூட்டத்துக்குப் பின்னால் புதிதாக இரண்டு பேர் வந்து நின்றார்கள். முன்னால் இருந்த ஒருத்தி திரும்பிப் பார்த்து, "வாங்கக்கா, நல்ல எடத்துல வந்தீங்க, குந்துங்க" என்று நகர்ந்து இடம் கொடுத்தாள். கையில் மஞ்சள் பையும் கக்கத்தில் சுருட்டிய கம்பளியுமாக வந்து உட்கார்ந்தவள் என் மனைவி.

"காதுல..." என்று தொடங்கியவன் அப்படியே நின்றுவிட்டேன். அதையும் நடிப்பு என்று நினைத்துக் கூட்டம் இன்னும் பலமாகச் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை, அழவும் இல்லை. பஸ்ஸில் மலைவளைவெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டு வந்த முகம். அந்த முகத்தோடு என் தலையில் கிடந்த மப்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மச்சான் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தான். அவனுக்கு விஷயம் விளங்கவில்லையா, நன்றாக விளங்கித்தான் சிரித்தானா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அறைக்கு வந்ததும் முதல் காரியமாக என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

"காச்சல் இல்லீங்களே?"

"இல்ல."

"காது அடைப்புங்க?"

அவள் பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். சுக்குப்பொடி, ரசப்பொடி, திருநீற்றுப் பொட்டலம், கடைசியாகச் சின்னத் துணியில் சுற்றிய பஞ்சு. அத்தனையும் சற்று முன்பு களத்தில் நான் வரிசையாகச் சொல்லிச் சிரிக்க வைத்தவை. ஒன்றுகூடத் தப்பவில்லை. "அது சும்மா தமாசுக்கு" என்றேன். அதைச் சொன்னபோது என் குரல் பழைய வீட்டுக் குரலாகவே இருந்தது.

"ஒடம்பு நல்லா இருக்குதுங்கல்ல. அது போதுமுங்க" என்று அடுப்பு மூட்டப் போய்விட்டாள்.

சாப்பிடும்போது மச்சான் இருந்ததால் பேச்சில்லை. அவன் கை கழுவ வெளியே போன பிறகு சோற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "என்னைய மாதிரியே பேசுனீங்க. எனக்கே நான் பேசுறாப்பல இருந்துச்சு. இத்தனையும் காதுல உழுந்துக்கிட்டுத்தான் இருந்துச்சுங்களா? ஊட்டுல நான் பேசுனா கேக்குதா இல்லியான்னே தெரியாது. இந்த மனுசன எங்கீங்க வெச்சிருந்தீங்க இத்தன வருசமா?"

கோபித்துக் கேட்டிருந்தால் பதிலுக்குக் கோபித்துத் தப்பித்திருப்பேன். நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் மாதிரி கேட்டாள்.

மறுநாள் சாயங்காலம் மத்தளம் கேட்டும் நான் எழுந்திருக்கவில்லை. இனி அந்தப் பக்கமே போவதில்லை, ஊருக்குப் போகலாம் என்றேன்.

"களத்துக்குப் போங்க. நேத்து பாதியிலதான வந்தேன். மொதல்லருந்து பாக்கோணும்" என்றாள். சொன்னதோடு நிற்காமல், கொடியில் கிடந்த மப்ளரை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

அவள் முன்வரிசையில் உட்கார்ந்தாள். அவள் யார் என்று அதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, களம் கப்சிப்பென்று இருந்தது. நான் மப்ளரைத் தலையில் போடவில்லை. அவள் குரலைத் தொட எனக்கு வாய் வரவில்லை. என்ஜின் இருமுகிற மாதிரி இருமிக் காட்டினேன். துரை நடக்கிற மாதிரி நடந்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. வாத்தியார்கூடப் பாவம், மத்தளத்தைத் துடைக்கிற சாக்கில் கீழே குனிந்துகொண்டார். அடுத்து என்ன பேசுவதென்று தெரியாமல், சொல்லுக்கு அலைந்து, "அப்புறம்... அப்புறம்..." என்றேன்.

அதில் சிரிக்க ஒன்றுமே இல்லை. ஆனாலும் முன்வரிசையில் ஒருத்தி மட்டும் சிரித்தாள். தனியாக, சத்தமாக, கூட்டம் திரும்பிப் பார்க்கப் பார்க்க, வலிந்து சிரித்துக்கொண்டே இருந்தாள். அடுத்த பேச்சு கிடைத்து நான் கரையேறுகிற வரைக்கும் அவள் நிறுத்தவே இல்லை.