மூன்றாவது வளைவில் ஆரன்

எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னல் கம்பியில் ஒரு பழைய பஸ் ஆரன் கட்டியிருக்கிறது. பித்தளைக் குழல், அதன் பின்னால் எலுமிச்சையை விடப் பெரிதாகவும் தேங்காயை விடச் சிறிதாகவும் ஒரு கறுப்பு ரப்பர் பந்து. பந்தில் மூன்று ஒட்டுகள், மூன்றும் சைக்கிள் கடைக்காரர் உபயம். இது எதற்கு என்று கேட்கிற விருந்தாளிகளிடம் "சாப்பாட்டு மணி" என்று நான் சொல்வேன். உடனே உள்ளேயிருந்து 'பாம்' என்று ஒரு சத்தம் வரும். நான் சொல்வது பொய் என்று என் மனைவி அறிவிக்கிறாள் என்பது அதன் பொருள்.

அது இரண்டாம் உலக யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரியில் ஓடின. வண்டியின் முதுகில் ஆளுயரத்துக்கு ஓர் அடுப்பைக் கட்டி, கரியைக் கொட்டி, கண்டக்டர் அரை மணி நேரம் விசிறிச் சக்கரத்தைச் சுற்றினால் வண்டிக்கு மூச்சு வரும். நான் தருமபுரி தாலுகா கச்சேரியில், அதாவது தாலுகா ஆபீசில், குமாஸ்தா. சனிக்கிழமை மத்தியானம் கச்சேரி முடிந்ததும் கரி பஸ் ஏறி, சேலத்தில் மாமியார் வீட்டிலிருந்த மனைவியைப் பார்க்கப் போவேன். பிரசவத்துக்குப் போயிருக்கிறாள் என்று ஊரில் சொல்லிவைத்திருந்தேன். சொல்லி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. நான் நிறையப் படித்தவன். யானைக்கு இருபத்திரண்டு மாதம் என்பது எனக்குத் தெரியும். ஆகவே வேறு பொய் கண்டுபிடிக்க இன்னும் நாலு மாதம் அவகாசம் இருந்தது.

அந்த பஸ்ஸை ஓட்டியவரை எல்லாரும் டிரைவர் அண்ணன் என்றே கூப்பிட்டோம். நல்ல ஆகிருதி, முறுக்கிய மீசை, காக்கிச் சட்டைக்கு மேல் ஒரு துண்டு. தொப்பூர் மலைப்பாதை இறங்கத் தொடங்கும் இடத்தில், முனியப்பன் கோயிலுக்கு எதிரே, வண்டியை நிறுத்துவார். இறங்கித் தேங்காய் உடைப்பார். அதுவரை எல்லா டிரைவர்களும் செய்வதுதான். பிறகு ஜன்னலுக்குள் தலையை நீட்டி அவர் சொல்வதை மட்டும் வேறு எந்த டிரைவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

"எல்லாருக்கும் சொல்லிப்புடறனுங்க. மூணு வருசத்துக்கு முந்தி இங்க மாம்பழ லாரி ஓட்டிக்கிட்டு வந்தேன். மூணாவது வளைவுல பிரேக் புடிக்கல. லாரி பள்ளத்துல, நான் புளிய மரத்து மேல. அன்னையிலிருந்து அந்த வளைவு வந்தா என் வலது கை என் பேச்சைக் கேக்கறதில்லைங்க. நடுங்கும். யாராச்சும் பக்கத்துல உக்காந்து பேசிக்கிட்டே வந்தா நடுங்காது. நடந்து எறங்கறவங்க எறங்கலாம், கீழ நிப்பாட்டி ஏத்திக்கறேன்."

முதல் தடவை கேட்டவர்கள் பாதிப்பேர் இறங்கி நடந்தார்கள். ஒரு மாதத்துக்குப் பிறகு ஒருவரும் இறங்குவதில்லை. முன் ஸீட்டுக்குப் போட்டிதான் நடந்தது. ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்க வேண்டாம் என்று ஆரனை அவரே இடப்பக்கம் மாற்றிக் கட்டியிருந்தார். முன் ஸீட்டில் உட்காருகிறவர் வளைவுக்கு வளைவு அதை அமுக்க வேண்டும், வாய் ஓயாமல் பேசவும் வேண்டும். தன் பயத்தை இப்படிப் போட்டு உடைத்த மனிதரிடம் மழையைப் பற்றியா பேசுவது? வந்து உட்கார்ந்தவர்கள் எல்லாரும் தங்கள் கஷ்டத்தைத்தான் பேசினார்கள். மாரண்டஹள்ளியிலிருந்து கத்தரிக்காய்க் கூடையோடு வரும் ஓர் அம்மாள், மகன் பெங்களூர் நாடகக் கம்பெனிக்கு ஓடிப்போன கதையை நான்கு வாரம் தொடராகச் சொன்னார். பையன் அங்கே ராணி வேஷம் போடுகிறான் என்று ஐந்தாம் வாரம் சேதி வந்தபோது பஸ்ஸே கைதட்டியது.

ஒரு சனிக்கிழமை முன் ஸீட் எனக்கு வாய்த்தது. ஆரனை அமுக்கினேன். "சம்சாரம் பிரசவத்துக்குப் போயிருக்கிறாள்" என்றேன்.

டிரைவர் அண்ணன் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "போன தீபாவளிக்கும் அதையேதானுங்களே சொன்னீங்க, குமாஸ்தாய்யா?" என்றார்.

பின்னாலிருந்து கண்டக்டர், "அண்ணே, கொழந்தை மீசையோட பொறக்கப் போவுது!" என்று கத்தினான். பஸ் குலுங்கியது. சாலை காரணமல்ல.

அன்று இரவே நான் பஸ் முதலாளிக்கு ஒரு மொட்டைக் கடிதம் எழுதினேன், ஆங்கிலத்தில். டிரைவர் தாமே ஒப்புக்கொண்டபடி பயந்தாங்கொள்ளி என்றும், பிரயாணிகளின் உயிர் ஊசலாடுகிறது என்றும், பொதுநலம் கருதியே எழுதுவதாகவும் மூன்று பக்கம். என் ஆங்கிலம் அவ்வளவு சரளமாக அதற்கு முன்னும் ஓடியதில்லை, பின்னும் ஓடவில்லை. வன்மத்துக்கு இலக்கணப் பிழை வராது போலிருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை முதலாளியே பஸ் ஸ்டாண்டில் நின்றார். பட்டுக்கரை வேட்டி, சட்டைப்பையில் என் கடிதம். "இவன் வண்டியை நிறுத்தி அந்தப் பேச்சைப் பேசினது நெசம்னா, கீழ எறங்குனதும் வேலை போச்சு" என்று எல்லாரும் கேட்கச் சொல்லிவிட்டு முன் ஸீட்டில் ஏறி உட்கார்ந்தார். டிரைவர் அண்ணனுக்கு வீட்டில் நான்கு வாய்கள் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். நான் கடைசி பெஞ்சில், அடுப்புக்குப் பக்கத்தில், கரியை விடக் கறுத்துப் போய் உட்கார்ந்திருந்தேன்.

கோயில் நெருங்கியபோது கண்டக்டர் கெஞ்சினான். "அண்ணே, இன்னைக்கு ஒரு நாள் வாயை மூடிக்கிட்டு ஓட்டுங்கண்ணே."

"சொல்லலைன்னா கை கேக்காதுடா."

வண்டி நின்றது. தேங்காய் உடைந்தது. ஒரு வார்த்தை குறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார், புளிய மரம் உட்பட. கடைசியில் ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்: "மொதலாளி, ஆரன் நீங்கதானுங்க அடிக்கணும்."

முதல் வளைவில் முதலாளி அடித்தார், பேசவில்லை. இரண்டாவதிலும் அப்படித்தான். மூன்றாவதில் பந்தை இரண்டு கையாலும் பிடித்தவர், அதை அமுக்கவே மறந்து கண்ணை இறுக மூடிக்கொண்டார். "அமுக்குங்க மொதலாளி!" என்று கத்தரிக்காய் அம்மாள் அதட்டினார். பாம், பாம், பாம் என்று நிற்காமல் அடித்துத் தீர்த்துவிட்டு, முதலாளி மெல்லிய குரலில், "இந்த வண்டி வாங்கி நாலு வருசம் ஆவுது. நான் இதுல ஏறுனதே இன்னைக்குத்தான்" என்றார்.

"அப்ப சேலத்துக்கு எப்படிங்க போவீங்க?" என்றார் டிரைவர் அண்ணன்.

"மொரப்பூர் வரைக்கும் மாட்டு வண்டி. அங்கிருந்து ரயிலு."

"ஏனுங்க?"

"பயந்தான்."

பஸ்ஸில் எழுந்த சிரிப்பில் முதலாளியும் சேர்ந்துகொண்டார். அடிவாரம் வரை, சின்ன வயதில் கிணற்றில் விழுந்தது முதல் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே வந்தார். டிரைவர் அண்ணனின் கை கல் மாதிரி நின்றது.

ஆனால் வண்டி அடிவாரத்தில் நின்றதும் முதலாளி கடிதத்தை வெளியே எடுத்தார். "எனக்கு இவன் மேல கோவமில்ல. ஆனா ஒரு பிரயாணி உசுருக்குப் பயந்து எழுதியிருக்கான். அவனுக்கு நான் பதில் சொல்லணுமில்ல?"

டிரைவர் அண்ணன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் எழுந்து நின்றது எனக்கே தெரியாது.

"நான்தாங்க எழுதினது. உயிருக்குப் பயந்து எழுதலைங்க. எல்லாரும் சிரிச்சாங்க, அதனால எழுதினேன். குழந்தை பிறந்துதுங்க. மூணாம் நாள் போயிடுச்சு. அதைச் சொல்ல வாய் வரல."

கண்டக்டர் தலையைக் குனிந்துகொண்டான். கத்தரிக்காய் அம்மாள் பக்கத்தில் வந்து நின்றார். "எனக்கும் ரெண்டு போச்சு தம்பி. ஒன்னுக்குப் பேரு கூட வெச்சிருந்தேன்" என்றார். பிறகு மடியிலிருந்து நாலு கத்தரிக்காயை எடுத்து என் கையில் திணித்தார். "வூட்டுக்கு வெறுங்கையோட போகாதே."

முதலாளி கடிதத்தை நாலாக மடித்துக் கண்டக்டரிடம் கொடுக்க, அவன் அதை அடுப்பில் போட்டான். சேலம் வரை வண்டி என் ஆங்கிலத்தில் ஓடியது என்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை உண்டு.

சேலத்தில் இறங்கியதும் நான் டிரைவர் அண்ணனிடம் போய் நின்றேன். "முன்னமே தெரியுமுங்க" என்றார் அவர். "இங்கிலீசுல எழுதியிருக்குன்னாங்க. நம்ம வண்டியில அது தெரிஞ்சவரு நீங்க ஒருத்தர்தானுங்களே."

"தெரிந்துமா ஒன்றும் சொல்லவில்லை?"

"உங்களுக்கும் ஒரு வளைவு வரணுமில்லைங்களா."

மாமியார் வீட்டு வாசலில் நாலு கத்தரிக்காயோடு நின்றேன். கல்யாணமானது முதல் நான் வாங்கிப்போன முதல் காய்கறி அதுதான். குழந்தை இறந்த அந்த வாரம் இதே வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, கச்சேரி மாற்றல் உத்தரவுகளைப் பற்றி இரண்டு மணி நேரம் வேடிக்கையாகப் பேசிவிட்டுப் போனவன் நான். அதன் பிறகு அவள் என்னோடு வருவதாக இல்லை. ஒரு பஸ் முழுக்கச் சொன்னதை இன்னும் ஒருத்தியிடம் சொல்வது அத்தனை சிரமமாக இல்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"அப்ப நீங்க அழுதீங்களா?"

"கொல்லையில. கிணத்தடியில."

"நான் சமையல்கட்டுல அழுதுகிட்டிருந்தேன். நடுவுல ஒரு சுவருதான்" என்றாள். கத்தரிக்காய்களை வாங்கி முந்தானையில் போட்டுக்கொண்டு, "அந்த முதலாளி நெஜமாவே மாட்டு வண்டியிலயா போவாரு?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். மறுநாள் டிரங்குப் பெட்டியோடு என்னுடன் பஸ் ஏறினாள்.

மலை ஏறும்போது கரி பஸ்ஸை எல்லாரும் இறங்கித் தள்ள வேண்டும். அவளும் தள்ளினாள். பக்கத்தில் தள்ளிய கண்டக்டர், "அக்கா, தெரியாம மீசைன்னு சொல்லிட்டேன், மன்னிச்சுக்கங்க" என்றான். அவள் மூச்சு வாங்கிக்கொண்டே, "அவங்கப்பாவுக்கே மீசை ஒழுங்கா வரல, கொழந்தைக்கு எங்க வரப் போவுது!" என்றாள். சிரித்த சிரிப்பில் எல்லாரும் கையை விட, வண்டி இரண்டடி பின்னால் வந்துவிட்டது.

யுத்தம் முடிந்து பெட்ரோல் திரும்பி வந்தபோது வண்டிக்கு மின்சார ஆரன் வைத்தார்கள். டிரைவர் அண்ணன் பழையதைத் துடைத்து எடுத்துவந்து, எங்கள் மகளின் தொட்டில் கம்பியில் அவரே கட்டிவிட்டுப் போனார். அவர் கை கடைசி வரை நடுங்கத்தான் செய்தது. அவரும் கடைசி வரை அதைச் சொல்லிவிட்டுத்தான் மலை இறங்கினார்.

இதை எழுதும்போது அந்த மூன்றாம் நாளைப் பற்றிய வரி வந்ததும், பேனா தானாக ஒரு ஜோசியர் வேடிக்கையை எழுதிவிட்டது. நல்ல வேடிக்கைதான். அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

சமையலறையிலிருந்து 'பாம்' என்றது. வேடிக்கையைப் பேனாவால் அடித்துவிட்டு, நடந்ததை நடந்தபடி எழுதினேன்.