மலை ஏறாத இறா தொக்கு

எட்டாவதோடு படிப்பை விட்டு ஊர் ஊராகச் சுற்றுகிறவன் நான். கிடைத்ததைத் தின்பேன், கிடைக்காவிட்டால் படுத்துவிடுவேன். ஆனால் ஏழு வயதில் ஒரு டப்பா இறா தொக்குக்காக எனக்கு வந்த கோபம் பெரியது.

நைனாவின் தங்கை, என் அத்தை, எங்கள் பக்கத்துக் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு வேலைக்கு வந்த ஒருவரைக் கட்டிக்கொண்டு கம்பம் பக்கம் போய்விட்டாள். நைனாவின் ஆத்திரம் அடங்கியபின் எங்கள் தீவு ஊரான பசியாவரத்திலிருந்து படகும் பஸ்ஸுமாக அவளைப் பார்க்கப் போனோம். மறுநாள் அவள் மாமியார், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இருந்த குன்றுக்கு அத்தையையும் எங்களையும் கூட்டிப்போனார். உச்சியில் முருகன் கோயில். நண்டுகூட ஏறிவிடும், அவ்வளவு லேசான பாதை.

எங்கள் ஊரில் ஆடும் கோழியும்தான் கவுச்சி. மீனும் இறாவும் வெறும் குழம்பு. அடிவாரத்தில் அம்மா டப்பாவைத் திறந்ததும் மாமியார் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“ஏத்தா, சாமி மலைக்குக் கவுச்சியத் தூக்கிட்டா வந்தீக?”

“இறா இன்னா கவுச்சி? உங்க மருமவளுக்கு உசுருன்னு வறுத்தாந்தேன்,” என்றாள் அம்மா.

“அவளா? அதையெல்லாம் விட்டு நாளாச்சு. அந்த வாடையோட எங்க வீட்டுக்குள்ள கால் வைக்க முடியுமா?”

எல்லோரும் அத்தையைப் பார்த்தோம். “நாறுது அண்ணி,” என்றவள், டப்பாவைப் பிடுங்கி மூடி, திராட்சைப் பந்தலுக்கடியில் வீசினாள்.

“நாறுதா? இத்தத் துன்னுதானடி வளந்தே!” அம்மா பாய்ந்தாள்.

நைனா அவள் கையைப் பிடித்தார். “வுடு. அவ இங்க பொழைக்கணும்.”

அம்மா மலையை மிதிமிதியென்று மிதித்து ஏறினாள். உச்சியில் கொடுத்த பொங்கலை நான் தொடவில்லை. அத்தையைக் கடித்துவிடலாம் போலிருந்தது.

இறங்கும்போது டப்பாவை எடுக்கப் பந்தலுக்குள் நுழைந்தேன். எனக்கு முன்பே இறங்கிவிட்ட அத்தை அங்கே குந்தியிருந்தாள். வாய் நிறைய இறா.

“நாறுதுன்னியே?”

“கத்தாதடா.” அவசரமாக விழுங்கினாள். பச்சைத் திராட்சைக் காய்களை நசுக்கி விரலிலும் உதட்டிலும் தேய்த்தாள். முகர்ந்து பார்த்தாள். மறுபடி நசுக்கித் தேய்த்தாள். பாதையில் மாமியாரின் குரல் கேட்டது. கையை என் மூக்கருகே நீட்டி, “வாடை வருதா பாருடா, கண்ணு,” என்றாள்.

நான் டப்பாவைத்தான் பார்த்தேன். வழித்து நக்கியிருந்தாள்.

“எனக்கு ஒண்ணுகூட வெக்கல இல்ல?” என்றேன்.