தம்பிக்கு நான் கொடுத்த கலங்கள்

என் வாய் கொஞ்சம் நீளம். சாய்ந்தமருதில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த வாயால் நான் செய்ததை எழுதுகிறேன்.

தம்பிக்கு இரத்தப் புற்று வந்தது. மருந்து ஏற்றி அவனுடைய எலும்பு மச்சையை வெறுமையாக்கி, அந்த இடத்தில் என்னுடைய உயிர்க்கலங்களைக் குடியேற்றினார்கள். கூடப்பிறந்த ஐந்து பேரில் நான்தான் பொருந்தினேன். அந்தப் பெருமை எனக்குத் தலைக்கேறிவிட்டது.

கொழும்பில் வைத்தியர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். தம்பியின் பழைய கலங்கள் சில தோலிலும் குடலிலும் மிஞ்சியிருக்குமாம். அவை அவனுடைய உடம்பின் துணுக்குகளை எடுத்து என் கலங்களிடம் காட்டுமாம். எவ்வளவு பொருந்தினாலும் சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கும். அதைக் கண்டதும் என் கலங்கள் அவனை அந்நியன் என்று நினைத்துப் பெருகி, தோல், குடல், ஈரல் என்று தாக்கும். ஒளிந்திருக்கும் புற்றை அழிப்பதும் அதே கலங்கள்தான். அதனால் அவற்றைக் கொல்லவும் கூடாது, அவிழ்த்துவிடவும் கூடாது. காலையும் மாலையும் குளிசை போட்டு அடக்கி வைக்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குக் குடிபோவார். போன புதிதில் வாயை மூடிக்கொண்டிருப்பது அவருக்கு நல்லது. குடிவந்த என் கலங்களின் வாயை மூடிவைக்கத்தான் குளிசை என்று அந்த மாதிரி விளங்கிக்கொண்டேன். விளங்கியும் என்ன பயன்?

றமழான் நோன்பு வந்தது. தம்பி நோன்பு பிடிக்கக் கூடாது என்று வைத்தியர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பாலமுனையில் அவனுடைய மனைவி வீட்டுக்கு ஒருநாள் காலையில் போனேன். அவன் தண்ணீரோடு குளிசை விழுங்கிக்கொண்டிருந்தான். எனக்குச் சுருக்கென்றது.

“என்ட ரெத்தத்த அடக்க மருந்தா? அது ஒன்னக் கடிக்கவா போகுது? நோன்பப் புடி,” என்றேன்.

அவன் சிரித்தான். அடுத்த நாள் நோன்பு பிடித்தான். குளிசையை விட்டுவிட்டான் என்று அவனே சொன்னபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

நோன்பு முடிந்து வரும் பெருநாளுக்கு முதல் நாள் மகளுக்காக அவனே மருதோண்டி இலை அரைத்தான். பெருநாளன்று அவன் உள்ளங்கைகள் சிவந்திருந்தன. இலைச் சாயம் என்றே எல்லோரும் நினைத்தோம். புது மாப்பிள்ளை என்று நான்தான் முதலில் கேலி செய்தேன். மூன்றாம் நாள் அவன் தொழும்போது பின்னால் இருந்தேன். நெற்றியை நிலத்தில் வைத்த சுஜூதில் அவனுடைய உள்ளங்கால்கள் இரண்டும் அதே சிவப்பாகத் தெரிந்தன. காலுக்கு யாரும் மருதோண்டி வைக்கவில்லை.

அன்று பின்நேரமே வயிற்றோட்டம் தொடங்கியது. கொழும்புக்குப் போய்ச் சேரும்போது கண்ணும் மஞ்சளாகியிருந்தது.

“குளிசையை ஏன் நிறுத்தினீர்கள்?” என்று வைத்தியர் கேட்டார்.

நான் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். தம்பி என்னைப் பார்க்கவில்லை. “நோன்புல மறந்து பெய்த்து டொக்டர்,” என்றான். நீண்ட வாய்க்காரி நான். அந்த இடத்தில் அதைத் திறக்கவில்லை.

கூடின மருந்தெல்லாம் கொடுத்துப் பார்த்தார்கள். என் கலங்கள் அடங்கவில்லை. கடைசியாகப் பார்த்த சோதனையில் புற்று துளிகூட இல்லை என்றார்கள். அவன் உயிர் பிரிந்து மௌத்தானது என் கலங்களால்.

ஜனாஸா வீட்டுக்கு வந்த பெண்கள் என் கையைப் பிடித்து, தம்பிக்காக உடம்பையே கொடுத்தவள் என்று சொல்லி எனக்காக இறைவனிடம் துஆச் செய்தார்கள். அந்தக் கையை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

கணவனுக்காக வீட்டோடு இத்தா இருந்த மச்சியிடம், அவனுடைய மனைவியிடம், ஒருநாள் போய் எல்லாவற்றையும் சொன்னேன். என்னைத் திட்டுவாள், திட்டினால் எனக்குக் கொஞ்சம் ஆறும் என்று நினைத்தேன்.

“தெரியும் ராத்தா,” என்றாள். “வார்ட்டுல வெச்சு எனக்கிட்ட சொன்னவரு. ராத்தாக்கு மனசு நோகும், நீ ஒண்டும் கேக்காத எண்டவரு.”

பிறகு எழும்பிப் போய் எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள்.