ஒரு மொட்டையும் லோரன்ஷியன் பட்டமும்

மணிவாசகம் தலையில் தேய்த்துக்கொள்ளும் தேங்காய் எண்ணெயை மாண்ட்ரியலில் ஐயாயிரம் பேர் வெறுத்தார்கள்.

புதன்கிழமை சாயங்காலங்களில், நகரத்தின் கிழக்குப் பக்கத்தில் இருந்த அந்த மல்யுத்த மண்டபத்தில், அவர் ரிங்குக்குள் ஏறியதும் தோள்வரை வளர்ந்திருந்த முடியை அவிழ்த்துவிடுவார். பித்தளைக் கிண்ணத்தை உயர்த்திக் காட்டுவார். எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி, ஞாயிற்றுக்கிழமைக் குளியலுக்கு உட்கார்ந்தவர்போல நிதானமாக உச்சியில் வைத்துத் தேய்ப்பார். எதிராளி பிடிக்க வரும்போதெல்லாம் தலை வழுக்கிக்கொண்டு போகும். கூட்டம் பிரெஞ்சில் அவருடைய வம்சத்தையே இழுத்துத் திட்டும். குளிர்காலத்தில் எண்ணெய் கல்லாக உறைந்துவிடும் என்பதால், மனைவி அனுசூயா மதியமே பாட்டிலை எடுத்து வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டர் மேல் வைத்துவிடுவாள். அந்தக் குடும்பத்தில் குஸ்திக்கென்று நடந்த தயாரிப்பு அவ்வளவுதான்.

அவர் குஸ்திக்காக இந்த நாட்டுக்கு வந்தவரல்ல. திருச்சி பொன்மலையில் ரயில்வே பணிமனை ஃபோர்மன் ஜம்புநாதனின் மூத்த மகன். பொறியியல் படித்தவர். கல்லூரியில் பொழுதுபோக்காக மல்யுத்தம். 1966இல் மாண்ட்ரியலை ஒட்டிய சென்ட் லோரன்டில் விமான உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் வரைபடப் பிரிவில் சேர்ந்தார். ஆறடி இரண்டங்குல உயரம். உடற்பயிற்சிக் கூடத்தில் அவரைப் பார்த்த மொஸ்யூ காட்புவா என்ற போட்டி அமைப்பாளர், ஒரு புதன்கிழமை வந்து விளையாடிவிட்டுப் போகச் சொன்னார். வேடிக்கையாகத்தான் போனார். 1971இல் தொழிற்சாலை ஒரே நாளில் இருநூறு பேரை வெளியே அனுப்பியது. அதன் பிறகு புதன்கிழமைதான் உத்தியோகம்.

கடவுச்சீட்டில் அவர் பெயர் மணிவாசகம் ஜம்புநாதன். இந்த ஊரில் கடைசியில் வருவதுதான் பெயர். அதனால் தொழிற்சாலையிலும் வரி அலுவலகத்திலும் அவர் ஜம்புநாதன். காட்புவா அதை வெட்டி, முன்னால் ஒரு மகுடம் வைத்து, 'மகாராஜா ஜம்பு' என்று போஸ்டர் அடித்தார். வாராவாரம் ஐயாயிரம் பேர் திட்டியது அப்பாவின் பெயரைத்தான். அப்பாவுக்கு அது தெரியாது. எந்த விமானத்தின் இறக்கையை இப்போது வரைகிறாய் என்று அவர் மாதம் ஒரு கடிதம் எழுதுவார். இறக்கையைப் பற்றி மகனும் இரண்டு பக்கம் பதில் எழுதுவார்.

லோரன்ஷியன் பட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஊருக்கு வடக்கே இருக்கும் மலைத்தொடரின் பெயரில் காட்புவா 1961இல் உண்டாக்கிய மல்யுத்தப் பட்டம் அது. பதினைந்து வருஷம் உயிரோடிருந்தது. குதிரைச் சேணம் தைப்பவர் ஒருவர் தைத்துக் கொடுத்த தோல் பெல்ட், நடுவே மலைத்தொடர் பொறித்த தகடு. முதலில் அணிந்தவர் ஒரு மரவெட்டி. அவருக்குப் பின் ஒரு தீயணைப்புக்காரர், ஒரு சவ அடக்க நிலையத்துக்காரர், இப்படி வந்து 1971 கோடையில் ரேயால் தெசியே இடுப்பில் ஏறியது. காலையில் பால் வண்டி ஓட்டுபவர். பெண்கள் அவருடைய சுருட்டை முடிக்காகவே டிக்கெட் வாங்குவார்கள். யார் ஜெயிப்பது, யார் தோற்பது என்பதைக் காட்புவா முன்கூட்டியே முடிவுசெய்துவிடுவார். ரிங்குக்குள் போகிற எல்லோருக்கும் அது தெரியும். வெளியே யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

1973 பிப்ரவரி 21ஆம் தேதி, புதன்கிழமைக்கு ஒரு பெரிய போட்டி குறித்திருந்தார் காட்புவா. தெசியே பெல்ட்டைப் பணயம் வைப்பார், மகாராஜா முடியைப் பணயம் வைப்பார். தோற்றால் அந்த இடத்திலேயே நாற்காலி போட்டு மொட்டை. தோற்கப்போவது மகாராஜா. அந்த எண்ணெய் முடி தரையில் விழுவதைப் பார்க்க மூன்று வாரத்துக்கு முன்பே டிக்கெட் எல்லாம் விற்றுத் தீர்ந்துவிட்டது.

பிப்ரவரி 5ஆம் தேதி, திங்கட்கிழமை, தந்தி வந்தது. அப்பா அன்று காலை காலமானார், தகனம் முடிந்தது, தம்பி கொள்ளி வைத்தான், பதினாறாம் நாள் கருமாதி.

மணிவாசகம் தந்தியைப் படித்தார். மடித்தார். அனுசூயாவிடம் கொடுத்தார். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதாள். அவர் போய் அடுப்பில் பொங்கிக்கொண்டிருந்த பாலை இறக்கி வைத்தார். அழுகை வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. காத்திருப்பதும் கொஞ்ச நேரத்தில் மறந்துபோயிற்று.

விமானச் சீட்டுக்குப் பணமில்லை, ஊருக்குப் போக வழியில்லை. தம்பியோடு தொலைபேசியில் மூன்று நிமிஷம் பேசினார். சித்தப்பா சொன்னதாகத் தம்பி ஒன்றே ஒன்று சொன்னான். மூத்தவன் அங்கேயே பதினாறாம் நாள் மொட்டை போட்டுத் தலை முழுகட்டும், அது போதும்.

அந்தப் பதினாறாம் நாள், பிப்ரவரி 20. செவ்வாய்க்கிழமை. போட்டிக்கு முதல் நாள்.

இடையில் வந்த இரண்டு புதன்கிழமைகளிலும் அவர் விளையாடினார். தீட்டில் எண்ணெய் கூடாது என்பதால் கிண்ணத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போனார். காரணத்தை மண்டபத்தில் யாரிடமும் சொல்லவில்லை. முதல் புதன்கிழமை காட்புவா சமாளித்து, சுகாதாரத் துறை மகாராஜாவின் எண்ணெயைத் தடைசெய்துவிட்டது என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார். அரங்கம் ஆரவாரம் செய்தது. "ஜம்பு ஒழிக" என்று பிரெஞ்சில் ஐயாயிரம் குரல்கள். அப்பா போய் மூன்றாம் நாள் அது. கேட்டுக்கொண்டு நின்றார். மழைச் சத்தம் போலத்தான் இருந்தது.

மாண்ட்ரியல் தீவின் மேற்கு முனையில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் இருந்த வேளாண்மை வளாகத்தில் கால்நடைப் பிரிவு விரிவுரையாளராக இருந்த பாலசந்திரன்தான் அவர்களுக்கு அங்கே உறவு மாதிரி. துக்கம் விசாரிக்க வந்தவர், விஷயத்தைக் கேட்டுவிட்டு யோசனை சொன்னார்.

"இங்க பாரு மணி. செவ்வாய்க்கிழமை காரியம், புதன்கிழமை காட்புவாவே எடுத்துவிடறான். ஒரு நாள் முன்னே பின்னே. மேல போனவர் காலண்டரைப் பார்த்துக்கிட்டா இருக்கப்போறார்? இருக்கிற ஒரு பிழைப்பையும் கெடுத்துக்காதே."

சமையலறையிலிருந்து அனுசூயா ஈரக்கையோடு வந்து நின்றாள்.

"அது தோத்தவனுக்கு அடிக்கிற மொட்டைங்க. மாமாவுக்கு அடிக்கிறது இல்ல."

மணிவாசகம் இருவரையும் பார்த்தார். யோசிக்கிறேன் என்றார். உண்மையில் அவருக்குள் யோசனை என்று எதுவும் ஓடவில்லை. கொள்ளி தம்பி வைத்துவிட்டான். அஸ்தியைக் காவிரியில் தம்பி கரைத்துவிட்டான். ஏழு வருஷமாகப் போகாத மகன், இறக்கை வரைவதாகப் பொய் எழுதிய மகன், அப்பாவுக்கென்று செய்ய இன்னும் மிச்சமிருந்தது இந்தத் தலைமுடி ஒன்றுதான். அதையும் காட்புவா ஏற்கெனவே விற்றுவிட்டார். இவ்வளவு தெரிந்தது. தெரிந்ததே தவிர, வலிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை எழுந்தார். அனுசூயாவிடம் ஒன்றும் சொல்லாமல் தெருமுனையில் இருந்த கிரேக்கரின் சலூனுக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். மொட்டை என்றார். கிரேக்கர் கண்ணாடியில் முகத்தைப் பார்த்தார், அடையாளம் தெரிந்தது, கத்தியைக் கீழே வைத்துவிட்டார். தானும் தன் மாமியாரும் நாளைக்கு முதல் வரிசையில் டிக்கெட் வாங்கியிருப்பதாகவும், இன்றைக்கே மொட்டை அடித்துவிட்டு நாளைக்கு எதைப் பார்ப்பது என்றும் கேட்டார். எவ்வளவு சொன்னாலும் மாட்டேன் என்றார். அடுத்த சலூன்காரரும் மாட்டேன் என்றார். அவரிடம் டிக்கெட்கூட இல்லை, மச்சானிடம் இருந்தது.

மணிவாசகம் பஸ் ஏறினார். இரண்டு பஸ் மாறி, தீவின் மேற்கு முனைக்குப் போய்ச் சேரப் பதினொரு மணி ஆயிற்று. பாலசந்திரன் ஆட்டுக் கொட்டகையில் இருந்தார். வாசலில் நின்ற நண்பனைப் பார்த்ததும் ஏன் வந்தான் என்று புரிந்துவிட்டது. வேண்டாம் என்று சொல்ல வாய் எடுத்தார். பிறகு, "உட்காரு" என்றார்.

கம்பளி வெட்டுகிற மின் கத்திரிதான் இருந்தது. வைக்கோல் கட்டின்மேல் உட்காரவைத்துப் பாலசந்திரன் உச்சியில் ஓட்டினார். கற்றை கற்றையாகக் கீழே விழுந்தது. மேய்வதை நிறுத்திவிட்டு ஆடுகள் பார்த்தன. மிச்சத்தைச் சவரக் கத்தியால் எடுத்தபோது பாலசந்திரனின் கை தவறிக் காதோரம் ஒரு கீறல் விழுந்தது. கொட்டகைக் குழாயில் வாளி பிடித்துத் தலையில் ஊற்றிக்கொண்டார் மணிவாசகம். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு. தெற்கே பார்த்துக் கும்பிட்டார். மந்திரம் தெரியவில்லை. "அப்பா" என்று மட்டும் சொன்னார். அழுதது பாலசந்திரன்தான்.

மறுநாள் மாலை, கம்பளிக் குல்லாயோடு உடைமாற்றும் அறைக்குள் நுழைந்து, குல்லாயைக் கழற்றினார்.

காட்புவா கத்தவில்லை. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். வெளியே நாற்காலி போட்டாகிவிட்டது, நாவிதர் வெள்ளை அங்கியோடு நிற்கிறார், பத்திரிகைக்காரர்கள் வந்திருக்கிறார்கள், நான் எதை எடுப்பேன் என்று மெதுவாகக் கேட்டார். பொய்முடி வைத்துக்கொள்ளச் சொன்னார். மணிவாசகம் முடியாது என்றார். பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்த தெசியே நிமிர்ந்து பார்த்தார்.

"ஏன்டாப்பா இப்படிப் பண்ணின?"

மாலை வகுப்பில் பிரெஞ்சு படிக்கப் போனபோது மணிவாசகத்தைச் சிரிக்கவைத்த சொற்கள் இரண்டு. அந்த மொழியில் அப்பாவுக்குப் 'பேர்'. செத்துப்போனால் 'மோர்'. அன்று வீட்டுக்கு வந்து அனுசூயாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

"மொன் பேர் எ மோர்," என்றார் இப்போது. என் அப்பா இறந்துவிட்டார். பதினாறு நாளில் அதை அவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. தமிழில் இன்னும் சொல்லவில்லை.

எங்கள் வழக்கம் இது, மூத்த மகன் முடியைக் கொடுக்க வேண்டும் என்று தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் விளக்கினார். அப்பாவின் பெயர் என்ன என்று தெசியே கேட்டார்.

"ஜம்புநாதன்."

"அது நீயில்ல?"

"இல்ல. அது அவர். நான் மணிவாசகம்."

தெசியே சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். இரண்டரை வருஷமாக அந்தப் பெயரைச் சொல்லி ரிங்கில் அவரும் எத்தனையோ முறை துப்பியிருக்கிறார்.

"எங்கப்பா செத்தப்போ எனக்கு டொரண்டோவில் மேட்ச். போகல," என்றார். பிறகு காட்புவா பக்கம் திரும்பினார். "இன்னிக்கு ஒரு தலை போகணும், அவ்வளவுதானே? இவன் தலை போயிடுச்சு. என்னுதை எடுத்துக்கங்க."

அப்படித்தான் பட்டம் கை மாறியது. மொட்டைத் தலையோடு மகாராஜா வெளியே வந்தபோது அரங்கத்துக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு அவர்களாகவே ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள். தோற்றால் எடுக்க முடி இருக்கக் கூடாது என்று அயோக்கியன் தானே வழித்துக்கொண்டு வந்துவிட்டான். அந்தப் பட்டத்தின் சரித்திரத்திலேயே இவ்வளவு கேவலமான ஏமாற்று நடந்ததில்லை என்று மறுநாள் பத்திரிகை எழுதியது. முதல் வரிசையில் கிரேக்கர் எழுந்து நின்று, தன் சலூனுக்கு வந்ததை எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கியில் தெசியேவின் சவால் வந்தது. பெல்ட்டோடு என் முடியையும் பணயம் வைக்கிறேன். இருபத்திரண்டாவது நிமிஷத்தில் தெசியேவின் தோள்கள் தரையில் பட்டன, தோற்றார்.

சுருட்டை முடி விழ விழப் பெண்கள் அழத் தொடங்கினார்கள். முதலில் ஒருத்தி, பிறகு வரிசை வரிசையாக. டிக்கெட் கிழிக்கும் ஆள்கூடக் கைக்குட்டையை எடுத்தார். பெல்ட்டைத் தோளில் போட்டுக்கொண்டு மணிவாசகம் நடுவில் நின்றார். பொன்மலையில் வீட்டு வாசலில் பதினாறு நாளைக்கு முன் இப்படித்தான் அழுதிருப்பார்கள் என்று நினைத்தார். இவ்வளவு பேர் அங்கே வந்திருக்க மாட்டார்கள் என்றும் நினைத்தார். கண் வறண்டுதான் இருந்தது. பட்டியலில் பதினோராவது சாம்பியனின் இடத்தில் ஜம்புநாதன் என்று எழுதினார்கள்.

இதில் யாரும் நினைக்காத ஒன்று நடந்தது. மொட்டைத் தலை மகாராஜாவை முன்னைவிட அதிகமாக வெறுக்கக் கூட்டம் வந்தது. முடி வளரக் கூடாது என்று காட்புவா உத்தரவு போட்டார். புதன்கிழமை காலைதோறும் கண்ணாடி முன் நின்று மணிவாசகம் தலையை வழித்துக்கொண்டார். மார்ச், ஏப்ரல், மே. அப்பாவுக்காக ஒரு முறை கொடுத்ததை வாராவாரம் கொடுத்தார். அனுசூயா அந்த நேரத்தில் குளியலறைப் பக்கம் வர மாட்டாள்.

ஆகஸ்டில் ஒரு புதன்கிழமை வந்தாள். அவர் கையிலிருந்த கத்தியை வாங்கி அலமாரியில் வைத்தாள்.

"இனிமே எடுக்கக் கூடாதுங்க. டாக்டர் சொல்லிட்டார். மூணு மாசம்."

பிள்ளைத்தாய்ச்சியின் புருஷன் முடி எடுக்கலாகாது என்பது அவள் வீட்டு வழக்கம். கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து வந்த சேதி. மணிவாசகம் அன்று கொஞ்சம் முளைத்த தலையோடு மண்டபத்துக்குப் போய், தாம் இனி வழிப்பதில்லை என்று காட்புவாவிடம் சொன்னார். அப்பா போனால் எடுக்கிறாய், பிள்ளை வந்தால் எடுக்க மாட்டேன் என்கிறாய், உன் ஊர்க்காரர்களுக்கு முடியைத் தவிர வேறு கவலையே கிடையாதா என்று அவர் அலுத்துக்கொண்டார். நாட்காட்டியைப் புரட்டினார். அப்படியானால் செப்டம்பரில் தோற்றுவிடு என்றார். அதுதான் கடைசிப் போட்டி. அதற்குள் சென்ட் லோரன்டிலேயே ஒரு மருந்துத் தொழிற்சாலையில் இயந்திரங்களுக்கு வரைபடம் போடும் வேலை கிடைத்திருந்தது.

செப்டம்பர் மாதம் அந்தப் புதன்கிழமை, தெசியே அவரைத் தூக்கிக் கீழே போட்டு, மேலே படுத்து அழுத்தினார். ரெஃப்ரி மூன்று எண்ணினார். மேற்கூரை அதிரும்படி கூச்சல். மணிவாசகம் எழுந்திருக்கவில்லை. அடி ஒன்றும் இல்லை. எழுந்திருக்கத் தோன்றவில்லை. பெல்ட்டைக் கையில் வாங்கிய தெசியே திரும்பி வந்து, அவர் காதருகே குனிந்து, பல்லைக் கடித்து, முகத்தை விகாரமாக வைத்துக்கொண்டு கேட்டார்.

"எப்போ பொறக்கும்?"

"பிப்ரவரி," என்றார் மணிவாசகம் படுத்தபடியே.

"அப்போ எழுந்து வீட்டுக்குப் போ. அவளைத் தனியா விடாதே."

தங்கள் சாம்பியன் அந்த மோசக்காரனுக்குச் சரியான வசவு கொடுக்கிறான் என்று நினைத்து, மண்டபம் முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது.